ஃப்ளை ராடும் ரீலும்: கை அசராமல் வீச எடைச் சமநிலை பார்க்கும் முறை

ஃப்ளை ராட் (ஈ போன்ற செயற்கை இரையை, அதாவது ஃப்ளையை, வீசி மீன் பிடிக்கும் கம்பு) வாங்கிய கையோடு எல்லோரும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ரீலை (லைன் எனப்படும் தூண்டில் நூலைச் சுற்றி வைக்கும் கருவி) மாட்டி, கார்க் பிடிக்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்து, ராட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார்கள். சோதனை சரிதான். ஆனால் பெரும்பாலும் ரீலில் லைன் இருக்காது, இருந்தால் வளையங்கள் வழியாகக் கோத்திருக்காது. விரல் வைக்கும் இடமும் வீசும்போது பிடிக்கும் இடமாக இருக்காது. அதில் கிடைக்கும் பதிலை நம்பி ரீலை மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வேலை சின்னதுதான், ஆனால் வரிசை மாறினால் முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டி வரும். உதாரணத்துக்கு 9 அடி (274 செ.மீ.) நீளமுள்ள, 5 வெயிட் (லைனின் எடை எண், முதல் படியில் விளக்குகிறேன்) ராடை எடுத்துக்கொள்கிறேன். தீர்த்தன், லிடர் போன்ற இமயமலை ஆறுகளுக்கோ நீலகிரி ஓடைகளுக்கோ ட்ரவுட் மீன் பிடிக்கப் போகும் நம்மவர்களில் நிறையப் பேர் முதலில் வாங்குவது அதைத்தான். வேறு அளவு வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

## தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முழு ராட், ரீல், பேக்கிங் (லைனுக்கு அடியில் ரீலில் சுற்றும் மெல்லிய நூல்), லைன், லீடர் (லைன் நுனியில் கட்டும் மெல்லிய இழை). கிராம் கணக்கில் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு. அளவுநாடா, பென்சில், மாஸ்கிங் டேப், ஒரு முழம் சணல் கயிறு. அப்புறம் 10 ரூபாய் நாணயங்கள் ஏழெட்டு. ஒரு நாணயம் சுமார் 7.7 கிராம் இருக்கும், சோதனை எடைக்கு இதைவிட வசதியானது வேறில்லை.

இடம் புல்தரையாக இருக்கட்டும். சிமென்ட் தரையிலும் தார் ரோட்டிலும் லைனின் மேல்பூச்சு உரிந்துவிடும். ஈக்குப் பதிலாக லீடர் நுனியில் சிறு கம்பளி நூல் குஞ்சம் கட்டிக்கொள்ளுங்கள். முள் இல்லாததால் காதும் பிழைக்கும்.

## 1. ராட் எண்ணும் லைன் எண்ணும் பொருந்துகின்றனவா?

எடைச் சமநிலையைத் தொடும் முன் இதை முடித்துவிட வேண்டும். ராடின் பிடிக்கு மேலே எழுதியிருக்கும் 5 என்ற எண் ராடின் எடையைக் குறிப்பதில்லை. எந்த எடையுள்ள லைனை வீச அது செய்யப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. 5 வெயிட் லைனின் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம் இருக்க வேண்டும் என்பது தர அளவு. 4 வெயிட்டுக்கு 120 கிரெயின், 6 வெயிட்டுக்கு 160.

இப்போது வரும் பல லைன்கள் அட்டையில் 5 என்று போட்டிருந்தாலும் அரை அளவோ ஒரு அளவோ கூடுதல் கனமாக இருக்கின்றன. வேகமான, அதாவது விறைப்பான, ராடை எளிதாக வளைக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன்? லைன் பொருந்தாத ராடை வீசினால் கை வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைச் சமநிலைக் கோளாறு என்று நினைத்து ரீலில் எடை ஏற்றினால், வலியும் போகாது, சுமையும் கூடும்.

## 2. ரீலை முழுசாக நிரப்புங்கள்

வெறும் ரீலை வைத்துச் சமநிலை பார்க்கவே கூடாது. 5 வெயிட் லைன் முழு நீளமும் சேர்ந்து சுமார் 20 கிராம் வரும். பேக்கிங் எவ்வளவு சுற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இன்னும் பத்து, பதினைந்து கிராம் சேரும். இரண்டையும் விட்டுவிட்டுப் பார்த்தால் விடை எங்கோ போய்விடும்.

நிரப்பும் முன் எந்தக் கையால் சுற்றப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். பெரும்பாலான ரீல்களில் திசையை மாற்ற ஸ்பூலை (ரீலுக்குள் லைன் சுற்றும் உருளை) கழற்றி உள்ளே இருக்கும் பேரிங்கையோ பல்லையோ திருப்பிப் போட வேண்டும். லைனைச் சுற்றிய பிறகு இது ஞாபகம் வந்தால் மொத்தத்தையும் உருவித் திரும்பச் சுற்ற வேண்டியதுதான். புதியவர்களிடம் நான் அதிகம் பார்த்த வீண்வேலை இது.

ஸ்பூல் விளிம்புக்கும் லைனுக்கும் நடுவே சுமார் 5 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள். இனி ரீலைத் தராசில் வைத்து, வரும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

## 3. ரீலை மாட்டி இறுக்குங்கள்

ராடில் ரீலை மாட்டும் இடமான ரீல் சீட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் திருகு கீழிருந்து மேலே ஏறி, ரீலைக் கார்க்கோடு ஒட்டி நிறுத்தும். இன்னொன்றில் ரீல் அடிமுனைக்கே போய்விடும். இந்த இரண்டாவது வகையில் ரீல் கையிலிருந்து சில செ.மீ. தள்ளி இருப்பதால், அதே ரீல் அதிகமாக இழுக்கும். நண்பரின் ராடில் கச்சிதமாக நின்ற ரீல் உங்கள் ராடில் நிற்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

திருகைக் கையால் முடிந்த மட்டும் இறுக்குங்கள், குறடு வேண்டாம். ரீல் ஆடினால் சோதனையின்போது சமநிலைப் புள்ளியும் ஆடும்.

## 4. உங்கள் விரல் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. “கார்க்கின் முன்முனையில் ராட் நிற்க வேண்டும்” என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ராடைத் தாங்குவது உங்கள் ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி. அது கார்க்கின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

கட்டைவிரலை மேலே வைத்துப் பிடிப்பவருக்கு ஓரிடம். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிப் பிடிப்பவருக்கு இன்னும் பின்னால். சுருட்டு வடிவப் பிடியில் ஓரிடம், முன்பக்கம் புடைத்திருக்கும் பிடியில் வேறிடம். ஆகவே முதலில் ராடைப் பிடித்து நாலைந்து முறை சும்மா வீசுங்கள். கை தானாகப் போய் உட்கார்ந்த இடத்தில், ஆள்காட்டி விரலின் கீழே, ஒரு சின்ன மாஸ்கிங் டேப் துண்டை ஒட்டிப் பென்சிலால் கோடு போடுங்கள். கண்ணாடி முன் நின்று அழகாகப் பிடித்துக் குறித்தால் பயனில்லை.

நமது உதாரண ராடில் அந்தக் கோடு அடிமுனையிலிருந்து 24 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார்க் 28 செ.மீ.யில் முடிகிறது. ரீலின் மையம் 6 செ.மீ.யில் இருக்கிறது.

## 5. லைனைக் கோத்து வெளியே எடுங்கள்

எல்லா வளையங்களிலும் லைனைக் கோத்து, லீடரைத் தவிர 9 மீட்டர் லைனை நுனிக்கு வெளியே இழுத்துப் புல்லில் நேராகப் போடுங்கள். வளையம் ஒன்று விட்டுப்போயிற்றா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், இது எல்லோருக்கும் நடக்கும்.

ஏன் இந்தச் சிரமம்? லைன் வெளியே போனதும் மூன்று மாற்றங்கள் ஒன்றாக நடக்கின்றன. ரீல் பத்துப் பன்னிரண்டு கிராம் இளைக்கிறது. வளையங்களுக்குள் ஓடும் லைன் ராடின் நடுவில் இரண்டு கிராம் ஏற்றுகிறது. நுனியிலிருந்து தரை வரை தொங்கும் லைன் அங்கே ஒரு கிராம் வரை சேர்க்கிறது.

அந்தக் கடைசி ஒரு கிராமை அலட்சியமாக விடாதீர்கள். கிணற்று ஏற்றத்தில் குட்டைப் பக்கம் பெரிய கல்லைக் கட்டியிருப்பது ஏனென்று யோசித்தால் போதும். நமது ராடில் விரலிலிருந்து நுனி 250 செ.மீ. தூரம், ரீல் 18 செ.மீ. தூரம். 250-ஐ 18-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14. அதாவது நுனியில் தொங்கும் 1 கிராமைத் தாங்க ரீல் பக்கம் 14 கிராம் வேண்டும்.

மூன்றையும் கூட்டினால் ரீலிலிருந்து சுமார் 40 கிராமைக் கழற்றிவிட்டதற்குச் சமம். சமநிலைப் புள்ளி இரண்டரை செ.மீ. அளவுக்கு முன்னே நகரும். கடையில் லைன் கோக்காமல் பார்த்த ராட் கச்சிதமாக நின்றதும், ஓடையில் அதே ராட் மூக்கைக் கவிழ்த்ததும் இதனால்தான்.

## 6. கயிற்றில் தொங்கவிட்டுப் பாருங்கள்

விரலில் தாங்கிப் பார்க்கலாம், தவறில்லை. ஆனால் விரலின் அகலமே ஒன்றரை செ.மீ. இருக்கும். கார்க்கைச் சுற்றிச் சணல் கயிற்றை ஒரு வளையமாகப் போட்டு, ரீல் கீழே தொங்கும்படி ராடைத் தூக்கினால் துல்லியம் கூடும். நெஞ்சு உயரத்தில், தரைக்கு இணையாகப் பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே உயரம் இருக்கட்டும். உயரம் மாறினால் தொங்கும் லைனின் நீளமும் மாறும், கணக்கு ஒத்துவராது.

கயிற்றை முன்னும் பின்னும் நகர்த்தி, ராட் எந்தப் பக்கமும் சாயாத இடத்தைக் கண்டுபிடித்து அங்கே இரண்டாவது கோட்டைப் போடுங்கள். அந்த இடம் கார்க்கைத் தாண்டி ராடின் மேலேயே விழுந்தாலும் டேப் ஒட்டிக் குறிக்கலாம், பிறகு மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

இனி இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள்.

சமநிலைக் கோடு உங்கள் விரல் கோட்டுக்கும் கார்க் முன்முனைக்கும் நடுவே விழுந்தால், சாதாரண ட்ரவுட் வேலைக்கு அதுவே நல்ல நிலை. ஒன்றும் செய்யத் தேவையில்லை. இங்கேயே நிறுத்திவிட்டு மீன் பிடிக்கப் போகலாம். கார்க்கைத் தாண்டி 2 செ.மீ.க்கு மேல் போனால் நுனிக் கனம். விரல் கோட்டுக்குப் பின்னால் விழுந்தால் அடிக் கனம்.

விரல் கோடும் சமநிலைக் கோடும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும் என்று மெனக்கெடுபவர்கள் உண்டு. லைனை இன்னும் ஒரு மீட்டர் இழுத்தாலே அந்தக் கச்சிதம் போய்விடும். அந்த உழைப்பு வீண்.

## 7. என்ன மீன்பிடிப்பு என்பதை வைத்து முடிவெடுங்கள்

நீர்ப்பரப்பில் மிதக்கும் ட்ரை ஃப்ளையை வீசுகிறவர் ராடை நீண்ட நேரம் தூக்கிப் பிடிப்பதில்லை. வீசுகிறார், மிதக்க விடுகிறார், நுனியைத் தாழ்த்திக்கொள்கிறார், மறுபடி வீசுகிறார். அவருக்கு லேசான நுனிக் கனம் இடைஞ்சலாக இருக்காது. லைனின் சுமை நுனியில் ஏறுவதை உணர அது உதவுகிறது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நிம்ஃபை (நீருக்குள் மூழ்கும் ஃப்ளை) அடிநீரில் உருட்டிப் பிடிப்பவர் கதை வேறு. 10 அல்லது 10.5 அடி ராடை, நுனி மேலே இருக்கும்படி, கையை நீட்டி மணிக்கணக்காகப் பிடித்திருக்கிறார். ராட் ஓர் அடி நீண்டாலே நுனியின் இழுப்பு எவ்வளவு கூடும் என்பது மேலே பார்த்த கணக்கிலேயே தெரியும். அவருக்குச் சமநிலைப் புள்ளி விரலுக்கு நேராகவோ ஓரிரு செ.மீ. பின்னாலோ இருப்பது நல்லது. 3 வெயிட் நிம்ஃப் ராடுக்கு அதைவிடப் பெரிய ராடுக்கான கனத்த ரீலைப் போடுகிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

8 வெயிட்டில் மஹ்சீர் மீனுக்கு நீளமாக வீசுகிறவர்கள் விரல் கோட்டுக்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்ளலாம். அங்கே சமநிலையைவிட மொத்த எடைதான் தோளை முதலில் பதம் பார்க்கும்.

## 8. நாணயம் ஒட்டிச் சோதியுங்கள்

நுனிக் கனம் என்று தெரிந்ததும் புது ரீல் தேடத் தொடங்காதீர்கள். 10 ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாக ரீலின் சட்டத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். சுழலும் ஸ்பூலில் ஒட்டக் கூடாது. சுற்றும்போது டேப் மாட்டும், எடை ஒரு பக்கமாகச் சுழன்று ரீல் தடதடக்கும்.

ஒவ்வொரு நாணயத்துக்கும் சமநிலைப் புள்ளி சுமார் அரை செ.மீ. பின்னே வரும். நீங்கள் விரும்பும் இடத்துக்கு வந்ததும் எத்தனை நாணயம் என்று எண்ணுங்கள். நான்கு என்றால் ஏறத்தாழ 31 கிராம். அடிக் கனமாக இருந்தால் இந்தச் சோதனையைத் திருப்பிச் செய்ய முடியாது. வேறொருவரிடமிருந்து லேசான ரீலை இரவல் வாங்கிப் பார்ப்பதுதான் வழி.

ஆறேழு நாணயத்துக்கு மேல் தேவைப்பட்டால் சற்று நில்லுங்கள். ஐம்பது கிராமை ஏற்றி ஒரு ராடை நிமிர்த்த வேண்டியிருக்கிறது என்றால், ரீல் மிகச் சின்னது, அல்லது ராடே நுனிக் கனமானது. பழைய ஃபைபர்கிளாஸ் ராடுகளிலும் மூங்கில் ராடுகளிலும் இப்படி வரும். அவற்றை முழுச் சமநிலைக்குக் கொண்டுவர முயல வேண்டாம், பாதி வழி வந்தாலே போதும்.

## 9. வீசிப் பாருங்கள், முதலில் நாணயத்தோடு, பிறகு இல்லாமல்

நாணயங்களோடு கால் மணி நேரம் வீசுங்கள். கொஞ்சம் ஓய்வு. பிறகு நாணயங்களை எடுத்துவிட்டு அதே தூரத்துக்கு அதே நேரம் வீசுங்கள். இரண்டு தடவையும் கை எங்கே வலி சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். இங்கேதான் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ராடை வீசாமல் நீட்டிப் பிடித்திருக்கும்போதே முன்கையின் மேல்பக்கமும் கட்டைவிரலின் அடியும் இறுகினால், அது நுனிக் கனம். எடை ஏற்றினால் குறையும்.

பிடித்திருக்கும்போது ஒன்றும் இல்லை, வீசும்போது மட்டும் மணிக்கட்டு வலிக்கிறது என்றால், சமநிலையில் குற்றம் இல்லை. பிடியை இறுக்கமாகப் பிடித்திருப்பீர்கள், அல்லது பின்வீச்சில் மணிக்கட்டை அதிகம் வளைப்பீர்கள், அல்லது முதல் படியில் சொன்ன லைன் பொருத்தம் தவறியிருக்கும். பின்னால் புல்லில் லைன் அடிபடும் சத்தம் கேட்டால் மணிக்கட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தோளில் அசதி என்றால் மொத்த எடை அதிகம். நாணயம் இல்லாமல் வீசும்போது அது குறைகிறதா பாருங்கள்.

ரீலில் ஏற்றும் எடை ராடைத் தாங்கிப் பிடிப்பதை எளிதாக்கும், சுழற்றுவதை எளிதாக்காது. தாங்கும்போது தூரம் ஒருமுறைதான் பெருக்கப்படுகிறது, அதனால் 1 கிராமுக்கு 14 கிராம் ஈடு. ராடைச் சுழற்றும்போது தூரம் தன்னாலேயே பெருக்கப்படுகிறது: 14 தடவை 14, அதாவது 190-ஐ ஒட்டி வரும். நுனியில் இருக்கும் 1 கிராம், சுழற்றும் கைக்கு முழு ரீல் ஒன்றின் அளவுக்கு எதிர்ப்பைக் கொடுக்கிறது. சுழற்றும்போது நுனி எடையும் ரீல் எடையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாது, இரண்டின் எதிர்ப்பும் கூடவே செய்யும். எனவே “வீச்சு கனமாக இருக்கிறது” என்பவருக்கு ரீலில் எடை ஏற்றுவது மருந்தாகாது. அவர் நுனிப்பக்கம் எதைக் குறைக்கலாம் என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் ராடை மாற்ற வேண்டும்.

## 10. நிரந்தரமாகச் சரிசெய்யும் வரிசை

செலவும் சுமையும் குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

அ. நுனியை இளைக்க வையுங்கள். மீன் கடிப்பதைக் காட்டும் பெரிய மிதவைக்குப் பதில் சின்னது. நிம்ஃப் பிடிப்பவர்கள் ஃப்ளை லைனே வளையங்களுக்குள் வராத அளவுக்கு நீளமான மெல்லிய லீடர் போட்டால் நுனி கண்கூடாக லேசாகும். இங்கே குறையும் ஒரு கிராம் ரீலில் ஏற்றும் 14 கிராமுக்குச் சமம் என்பதால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

ஆ. ஸ்பூலில் இடம் இருந்தால் பேக்கிங்கைக் கூட்டுங்கள். சில கிராம் கிடைக்கும். ஸ்பூலும் நிறைவதால் லைன் பெரிய வட்டத்தில் சுற்றும், சுருள் குறையும்.

இ. ஸ்பூலின் நடுத்தண்டில் எடை ஒட்டுங்கள். டயர் கடைகளில் அலாய் சக்கரத்துக்கு ஒட்டும் 5 கிராம், 10 கிராம் பேலன்ஸ் வெயிட் பட்டைகள் மலிவாகக் கிடைக்கும். பேக்கிங்கை முழுக்க உருவி, தண்டைத் துடைத்துக் காயவைத்து, பட்டைகளை எதிரெதிராக ஒட்டுங்கள். 20 கிராம் வேண்டும் என்றால் இரண்டு 10 கிராம் பட்டைகள், நேர் எதிர்ப் பக்கங்களில். ஒரே பக்கம் ஒட்டினால் மீன் ஓடும்போது ரீல் உதறும். மேலே எலக்ட்ரிகல் டேப் இரண்டு சுற்று, இரும்புப் பட்டை துருப்பிடிக்காமல் இருக்கவும், பேக்கிங் முடிச்சு நழுவாமல் இருக்கவும். ஈயப் பட்டையாக இருந்தால் வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். பட்டை இடத்தை அடைப்பதால் பேக்கிங் கொஞ்சம் குறையும், சின்ன ஓடை ட்ரவுட்டுக்கு அது பொருட்டில்லை.

ஈ. கடைசியாக வேறு ரீல். நாணயச் சோதனையில் வந்த எண்ணைப் பழைய ரீலின் எடையோடு கூட்டினால் தேட வேண்டிய எடை வந்துவிடும். அடிக் கனமாக இருப்பவர்களுக்கும் லேசான ரீல்தான் உருப்படியான தீர்வு. லைனின் பின்பகுதியை வெட்டி எடை குறைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பத்து மீட்டர் வெட்டினாலும் குறைவது ஐந்தாறு கிராம்தான், அதற்காக ஒரு நல்ல லைனைப் பாழாக்க வேண்டாம்.

கார்க்கின் முன்னால் ஈயம் சுற்றுவதும் ராடின் மேல் எதையாவது ஒட்டி நிரந்தரமாக விடுவதும் வேண்டாம். விரலுக்கு முன்னால் வைக்கும் எதுவும் நுனியின் பக்கமே சேரும்.

## 11. ரீல் வாங்கும் முன் காகிதத்தில் கணக்குப் போடுவது

நம் ஊரில் ஃப்ளை ரீலைக் கையில் தொட்டுப் பார்த்து வாங்கும் வசதி அநேகமாகக் கிடையாது. இணையத்தில் எடை பார்த்து வரவழைக்கிறோம், திருப்பி அனுப்புவது லேசில்லை. ராட் கையில் இருந்தால் போதும், தேவையான எடையை முன்கூட்டியே எடுத்துவிடலாம்.

ரீல் இல்லாமல் வெறும் ராடைப் பூட்டி, கயிற்றில் தொங்கவிட்டு, அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உதாரண ராடின் எடை 80 கிராம், நிற்கும் இடம் அடிமுனையிலிருந்து 66 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விரல் கோடு 24-இல். நடுவே 42 செ.மீ.

80-ஐ 42-ஆல் பெருக்கினால் 3360. இதை ரீலுக்கும் விரலுக்கும் உள்ள 18 செ.மீ.யால் வகுத்தால் சுமார் 187. பேக்கிங்கும் லைனும் ஏற்றிய ரீல் 187 கிராம் இருந்தால், லைன் வெளியே வராத நிலையில் ராட் விரலில் சரியாக நிற்கும். லைனுக்கும் பேக்கிங்குக்கும் 35 கிராம் கழித்தால் வெறும் ரீல் 152 கிராம். லைன் வெளியே வந்ததும் புள்ளி இரண்டரை செ.மீ. முன்னே போய், விரலுக்கும் கார்க் முனைக்கும் நடுவே நிற்கும். ட்ரை ஃப்ளைக்கு அது போதும். நிம்ஃபுக்கு என்றால் 40 கிராமைக் கூட்டி 190 கிராமுக்குத் தேடுங்கள்.

இருக்கும் ரீல்களிலேயே லேசானதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. விளம்பரங்களும் அதைத்தான் பாடுகின்றன. 100 கிராம் ரீலை இந்த ராடில் மாட்டினால் லைன் வெளியே வந்த நிலையில் புள்ளி கார்க்கைத் தாண்டிப் போய்விடும். விலை கூடிய ரீலை வாங்கி, அதில் டயர் கடைப் பட்டையை ஒட்டிக்கொண்டிருப்பீர்கள்.

## 12. ஓடைக்குப் போன பிறகு

இதையெல்லாம் வீட்டருகே புல்தரையில் முடித்துவிடச் சொல்வதற்குக் காரணம், ட்ரவுட் ஓடைகளுக்கு நாள் கணக்கில் அனுமதி வாங்கிப் போகிறோம். அந்த நேரத்தை டேப் ஒட்டுவதில் கழிக்க யாருக்கும் மனசு வராது.

ஓடையில் ஒருமுறை மட்டும் சரிபாருங்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று, வழக்கமாக வீசும் தூரத்துக்கு வீசி, ராடை அப்படியே பிடித்து, விரல்களைத் தளர்த்துங்கள். நுனி மெதுவாக இறங்கினால் சரி. பொத்தென்று விழுந்தால் நுனியில் ஏதோ கூடியிருக்கிறது, கனத்த நிம்ஃபோ பெரிய மிதவையோ இருக்கும்.

மூழ்கும் லைனுக்காக இரண்டாவது ஸ்பூல் வைத்திருப்பவர்கள் அதையும் தனியாக எடை பாருங்கள். இரண்டு ஸ்பூலுக்கும் பத்து கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், லேசானதில் பேக்கிங்குக்கு அடியில் பட்டை ஒட்டிச் சமப்படுத்திவிடலாம். எதில் எத்தனை கிராம் ஒட்டியிருக்கிறது என்பதை ஸ்பூல் பையின் மேலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை லைன் மாற்றும்போது பேக்கிங்கை உருவிப் பார்க்காமலே தெரியும்.